மெஸ்ஸியான் நம் தாளங்களைக் கற்றவரா? அந்தச் சிறைமுகாம் கதை எவ்வளவு உண்மை?

மிருதங்கம் கற்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "ஒலிவியே மெஸ்ஸியான் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் நாஜி சிறைமுகாமில் இருந்தபோது, மூன்று தந்தி மட்டுமே இருந்த செல்லோவுக்கு இசை எழுதி, 5,000 கைதிகளுக்கு முன்னால் வாசித்தார் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அதில் நம் தாளங்களைப் பயன்படுத்தினார் என்றும் சொல்கிறார்கள். என் ஆசிரியர் நம்ப மறுக்கிறார். இவர் கர்நாடக சங்கீதம் கற்றவரா? யார் இவர்?"

மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று கேள்விகள். உள்ளே இருப்பது ஒன்றுதான்: இதில் எது நிஜம், எது கதை? நான் இருபது வருடங்களுக்கு மேலாகத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறேன், மேற்கத்திய இசையின் தியரி சொல்லிக்கொடுக்கிறேன். மெஸ்ஸியானின் சில ஆர்கன் படைப்புகளை வாசித்திருக்கிறேன், மற்றவற்றைச் சுரத்தாளை வைத்துக்கொண்டு படித்திருக்கிறேன். மிருதங்கம் முறையாகக் கற்றவன் இல்லை. தாளம் பற்றி இங்கே சொல்வதில் பாதி, ஒரு மிருதங்க வித்வானோடு உட்கார்ந்து கைதட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அந்த இடங்களில் உங்கள் ஆசிரியரின் காது என் காதைவிடப் பெரிது.

முதலில் சுருக்கமாகப் பதில். முகாம் உண்மை, கச்சேரியும் உண்மை. மூன்று தந்தியும் 5,000 பேரும் பெரும்பாலும் உண்மையல்ல. நம் நாட்டுத் தாளங்கள் அவர் இசையில் இருப்பது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அவர் எந்தக் குருவிடமும் போய்க் கற்கவில்லை. ஒரு பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் அச்சாகியிருந்த பட்டியலைப் பார்த்துத் தானாகப் படித்தார்.

ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். 1908 டிசம்பர் 10 அன்று தெற்குப் பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் பிறந்தார். அப்பா பியேர் ஆங்கில ஆசிரியர், ஷேக்ஸ்பியரைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர். அம்மா செசில் சோவாஜ் கவிஞர். மகன் வயிற்றில் இருந்தபோதே அவனுக்காக ஒரு கவிதைத் தொகுதி எழுதினார். முதல் உலகப்போரில் அப்பா போர்முனைக்குப் போக, அம்மாவும் பிள்ளைகளும் கிரெனோபிளில் தங்கினார்கள். அங்கே சிறுவன் ஒலிவியே வண்ணக் கண்ணாடித்தாள் ஒட்டிய பொம்மை நாடக மேடை செய்து, தம்பியை உட்கார வைத்து ஷேக்ஸ்பியரை முழுக்க முழுக்க வாசித்துக் காட்டுவானாம். கிறிஸ்துமஸ் பரிசாகப் பிள்ளைகள் பொம்மை கேட்கும் வயதில் இவன் ஆபெரா சுரத்தாள்கள் கேட்டான். பத்து வயதில் ஓர் ஆசிரியர் தெபுசியின் ஆபெரா ஒன்றின் சுரத்தாளைக் கையில் கொடுத்தார். அதைத் தன்மேல் விழுந்த வெடிகுண்டு என்றே மெஸ்ஸியான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1919-ல் பாரிஸ் கன்சர்வதுவார் என்ற இசைக்கல்லூரியில் சேர்ந்தார். அங்கே போல் துகாவிடம் இசையமைப்பும், மோரிஸ் எம்மானுவேலிடம் இசை வரலாறும் கற்றார். பழைய கிரேக்க யாப்பின் குறில் நெடில் கணக்கு மோரிஸ் எம்மானுவேல் வழியாகத்தான் அவருக்கு அறிமுகமானது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஆர்கன் ஆசிரியர் மார்செல் துப்ரே. முதல் நாள் வகுப்புக்கு வந்த இந்தப் பையன் அதற்கு முன் ஆர்கன் விசைப்பலகையையே பார்த்ததில்லை என்றும், ஒரு வாரம் கழித்து பாக்கின் ஒரு ஃபான்டசியாவை மனப்பாடமாக வாசித்தான் என்றும் துப்ரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1931-ல், 22 வயதில், பாரிசின் திரித்துவ ஆலயத்தில் ஆர்கனிஸ்டாக நியமிக்கப்பட்டார். காவாயே-கோல் என்ற கைவினைஞர் செய்த பெரிய ஆர்கன் அது. 1992-ல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். அறுபது வருடம். உலகம் முழுக்கப் பேர் வாங்கிய பிறகும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மாடியேறிப் போய் வாசித்தவர். வீடியோக்கள் முகாமோடு கதையை முடித்துவிடுகின்றன. அந்த அறுபது வருட ஞாயிற்றுக்கிழமைகளைப் புரிந்துகொள்ளாமல் இவர் இசையைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம். அவர் ஆழ்ந்த கத்தோலிக்கர், எழுதியதில் பெரும்பகுதி இறைநம்பிக்கையைப் பற்றியது. அந்த ஆலயத்துக்கு வரும் மக்களில் சிலர் இந்த இசையைக் கேட்டு முகம் சுளித்ததும் உண்டு.

ஒன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன். 1928-ல், இருபது வயதுகூட நிரம்பாதபோது, நற்கருணை நேரத்துக்கென்று அவர் எழுதிய ஒரு சிறிய ஆர்கன் இசை இருக்கிறது. மொத்தம் 25 பார்தான், அதாவது 25 தாளக் கட்டங்கள். எழுதியபடி வாசித்தால் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். அவ்வளவு மெதுவு. கை ஒரு நாதக்கோவையில் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) அமர்ந்துவிட்டால் அடுத்ததற்கு நகரவே மனம் வராது. பிறகு கால் பெடலில் சின்னச் சின்ன சுரங்கள் சொட்டும். அதை நீர்த்துளி போலத் துண்டாக வாசிக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். நான் முதன்முறை இதைக் கோவிலில் வாசித்தபோது, வரிசையில் நின்றவர்கள் தங்களை அறியாமல் நடையைக் குறைத்துக்கொண்டார்கள். ஆராதனை முடிந்ததும் ஒரு பாட்டி வந்து, "கடிகாரம் நின்னுபோச்சா தம்பி?" என்று கேட்டார். மெஸ்ஸியான் வாழ்நாள் முழுக்கத் தேடியது அதைத்தான்.

சரி, முகாமுக்கு வருவோம். 1939-ல் போர் வந்தது. கண்பார்வை மோசம் என்பதால் அவரைப் போர்முனையில் நிறுத்தாமல் மருத்துவ உதவியாளராக வைத்தார்கள். வெர்தன் பக்கத்தில் செல்லோ கலைஞர் எத்தியென் பாஸ்கியேயும் கிளாரினெட் கலைஞர் ஆன்றி அகோக்காவும் அவரோடு இருந்தார்கள். விடியற்காலை காவல் முறை வந்தால் மெஸ்ஸியானுக்குச் சந்தோஷம். இருள் பிரியும்போது ஒவ்வொன்றாக எழுந்து பாடும் பறவைகளைக் கேட்கலாமே. 1940 ஜூனில் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டார்கள். நான்சி நகருக்கு அருகே ஒரு திறந்தவெளியில் கைதிகளை அடைத்து வைத்திருந்தபோது, அகோக்காவுக்காகத் தனிக் கிளாரினெட் இசை ஒன்று எழுதினார். பாஸ்கியே சுரத்தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஸ்டாண்டு மாதிரி நிற்க, அகோக்கா அதை அந்த வெட்டவெளியிலேயே வாசித்துப் பார்த்தார். இது என்னால் முடியவே முடியாது என்று அவர் முறையிட்டாராம். முடியும் என்று மெஸ்ஸியான் சொன்னாராம்.

அவர் முறையிட்டது நியாயம். அந்த இசையில் ஓர் இடம் வரும். ஒரே சுரம், காதுக்கே எட்டாத மெல்லிய ஒலியில் தொடங்கி, ஒரே மூச்சில் வளர்ந்து வளர்ந்து, அந்தக் குழல் தாங்கக்கூடிய உச்ச ஒலிவரை போக வேண்டும். சுரம் மாறாது, அலங்காரம் கிடையாது. எங்கிருந்து தொடங்கியது என்று கேட்பவருக்குத் தெரியக்கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு கிளாரினெட் மாணவர் இந்த ஒரு சுரத்தை மட்டும் மூன்று மாதம் சாதகம் செய்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கடைசியில் அவர் குழலை எடுத்துவிட்டபோது அறையில் இருந்த நாங்களும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பிறகு அவர்களை ஜெர்மனியின் கிழக்கே கோர்லிட்ஸ் நகரை ஒட்டிய ஸ்டாலாக் 8-ஏ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்த இடம் இன்று எல்லை மாறிப் போலந்தில் இருக்கிறது. இது போர்க்கைதிகள் முகாம். ஆஷ்விட்ஸ் போன்ற கொலைமுகாம் அல்ல. இரண்டையும் குழப்பி எழுதுகிறவர்கள் நிறைய, அதனால் அழுத்திச் சொல்கிறேன். பசியும் குளிரும் கடுமை, ஆனால் கைதிகளுக்கு நாடகமும் இசையும் நடத்த இடம் கொடுக்கப்பட்டது. அங்கே வயலின் கலைஞர் ழான் ல பூலேரும் சேர்ந்தார். கார்ல்-ஆல்பர்ட் ப்ரூல் என்ற ஜெர்மானியக் காவலர் மெஸ்ஸியானுக்குத் தாளும் பென்சிலும், யாரும் தொந்தரவு செய்யாமல் எழுத ஓர் இடமும் ஏற்பாடு செய்தார். கைதிகள் காசு சேர்த்துக் கொடுக்க, காவலோடு ஊருக்குள் போய்ப் பாஸ்கியே ஒரு செல்லோ வாங்கிவந்தார். அப்படி உருவானதுதான் வயலின், கிளாரினெட், செல்லோ, பியானோ நான்கும் சேர்ந்த, எட்டுப் பகுதிகள் கொண்ட "காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை". 1941 ஜனவரி 15 மாலை, பனி உறைந்த நாளில், முகாமின் ஒரு கொட்டகையில் அரங்கேறியது. மெஸ்ஸியான் காலில் மரக்கட்டைச் செருப்பு, உடம்பில் செக் ராணுவத்தின் ஒட்டுப்போட்ட பழைய பச்சைச் சட்டை. பியானோ சுருதி கலைந்தது, கட்டைகள் அழுத்தினால் மேலே வராது. இதுவரை எல்லாம் உறுதி. முகாம் முத்திரை குத்திய நிகழ்ச்சித்தாள்கூட இருக்கிறது.

இனிச் சந்தேகம். 5,000 பேர், மூன்று தந்தி, இரண்டும் மெஸ்ஸியானே பிற்காலத்தில் சொன்னவை. யாரோ வீடியோக்காரர் கற்பனை செய்தது அல்ல, அதனால்தான் இவ்வளவு பரவியது. ஆனால் செல்லோவைக் கையில் வைத்திருந்தவர் பாஸ்கியே. தன் செல்லோவில் நான்கு தந்தியும் இருந்தன என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். வாத்தியத்தைப் பிடித்தவர் சொல்லை நான் நம்புகிறேன். கூட்டமும் அப்படித்தான். அந்தக் கொட்டகையில் சில நூறு பேருக்கு மேல் உட்கார இடமில்லை. இன்னொரு தவறான எண்ணம், எட்டுப் பகுதிகளும் முகாமிலேயே பிறந்தவை என்பது. கிளாரினெட் தனியிசை முன்பே எழுதியது என்று மேலே பார்த்தோம். ஐந்தாவது பகுதி, 1937 பாரிஸ் கண்காட்சியில் நதிக்கரை நீரூற்று விழாவுக்கு ஆறு ஓந்த் மார்த்தனோ என்ற மின்வாத்தியங்களுக்காக அவர் எழுதியதிலிருந்து எடுத்தது. எட்டாவது பகுதி, 1930-ல் ஆர்கனுக்காக எழுதியதிலிருந்து. நினைவிலிருந்து அவற்றை மீட்டெடுத்து, கையில் கிடைத்த வாத்தியங்களுக்கு மாற்றினார்.

மெஸ்ஸியான் பொய் சொன்னாரா என்று கேட்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் இசையை அவ்வளவு கவனத்தோடு, அவ்வளவு அமைதியாக யாரும் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை என்றும் அவர் சொல்லியிருக்கிறார். பசித்த மனிதன் கண்ணுக்கு அந்தச் சில நூறு முகங்கள் பெருகித் தெரிந்திருக்கலாம். என் வருத்தம் வேறு. நான்கு தந்தியும் சரியாக இருந்த செல்லோவும், நெரிசலாக உட்கார்ந்த சில நூறு பேரும் எந்த விதத்தில் குறைந்துபோனார்கள்? உள்ளதே போதும்.

மற்ற மூவரும் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மெஸ்ஸியானும் பாஸ்கியேயும் சில வாரங்களில் விடுதலையாகிப் பிரான்ஸ் திரும்பினார்கள். அகோக்கா அல்ஜீரியாவில் பிறந்த யூதர். அவருக்கு அந்த வழி அடைக்கப்பட்டது. அதே 1941-ல், கைதிகளை ஏற்றிக்கொண்டு ஓடும் ரயிலிலிருந்து கிளாரினெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு குதித்துத் தப்பினார். ல பூலேர் போருக்குப் பிறகு வயலினை விட்டுவிட்டு, ழான் லானியே என்ற பெயரில் நடிகரானார்.

இப்போது உங்கள் ஆசிரியர் நம்ப மறுக்கும் விஷயம். லாவிஞ்ஞாக் என்பவர் தொகுத்த பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியத்தில், 1913-ல் வெளிவந்த பகுதியில், ழோவானி குரோசே இந்திய இசை பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அதில் சார்ங்கதேவரின் சங்கீத ரத்னாகரம் என்ற இசை இலக்கண நூலில் வரும் 120 தேசி தாளங்களின் பட்டியல் இருந்தது. சார்ங்கதேவர் 13-ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அவையில் இருந்தவர். மெஸ்ஸியான் அந்தப் பட்டியலில் விழுந்தார், எழுந்திருக்கவே இல்லை. கிரேக்க யாப்பின் குறில் நெடிலில் ஏற்கெனவே ஊறியவருக்கு லகு, குரு, ப்ளுதம் (ஒன்று, இரண்டு, மூன்று மடங்கு நீளம்) என்ற கணக்கு உடனே பிடிபட்டிருக்கும். அதனால்தான் மோரிஸ் எம்மானுவேலை நினைவில் வைக்கச் சொன்னேன்.

ஆக, இது கர்நாடக சங்கீதம் என்று நாம் இன்று சொல்லும் நடைமுறை அல்ல. நீங்கள் வகுப்பில் போடும் ஆதி, ரூபகம், கண்ட சாபு எதுவும் இதில் இல்லை. இன்று புழங்கும் ஏழு அடிப்படைத் தாளங்களான சூளாதி சப்த தாளங்கள் நிலைபெற்ற பிறகு தேசி தாளங்கள் பெரும்பாலும் ஏட்டோடு நின்றுவிட்டன. ஒரு சுற்றுக்கு 128 அட்சரம் (எண்ணிக்கை) கொண்ட சிம்மநந்தனம் போன்ற ஓரிரண்டைத்தான் எப்போதாவது யாராவது துணிந்து எடுக்கிறார்கள். "அவர் நம் தாளம் கற்றவர் இல்லை" என்று உங்கள் ஆசிரியர் சொன்னால் அந்த அர்த்தத்தில் அவர் சொல்வது சரி. "நம் நாட்டுத் தாளங்கள் அந்த இசையில் இல்லை" என்று சொன்னால் சரியல்ல.

உதாரணத்துக்குச் சந்திரகலா தாளம். மூன்று குரு, மூன்று ப்ளுதம், ஒரு லகு. லகுவை ஒன்று என்று வைத்தால் 2, 2, 2, 3, 3, 3, 1, மொத்தம் 16. ராகவர்த்தனம், சந்திரகலா, லட்சுமீசம் என்ற மூன்று தாளங்களைத் தன் பாணியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்து, 17 கால அளவுகள் கொண்ட ஒரு சரமாக்கி, அந்த நால்வர் இசையின் முதல் பகுதியில் பியானோவிடம் கொடுத்தார். பியானோ இந்த 17-ஐத் திரும்பத் திரும்ப வாசிக்கும். ஆனால் அதன்மேல் வைத்த நாதக்கோவைகள் 29. அவையும் தம் போக்கில் திரும்பத் திரும்ப வரும். இரண்டும் பகா எண்கள். இரண்டு சரங்களும் ஒன்றாகத் தொடங்கி மறுபடி ஒன்றாகச் சந்திக்க 17-ஐ 29-ஆல் பெருக்கி 493 நாதக்கோவைகள் போக வேண்டும். இசையோ அதற்கு வெகு முன்பே நின்றுவிடுகிறது. செல்லோ இன்னொரு பக்கம், ஐந்து சுரங்களை 15 கால அளவுகளில் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். மேலே கிளாரினெட்டும் வயலினும் விடிகாலைப் பறவைகள்.

நானும் அந்த மிருதங்க வித்வானும் ஒரு சாயங்காலம் மேசைமேல் சுரத்தாளை விரித்து இதைக் கைதட்டிப் பார்த்தோம். சந்திரகலாவை அவர் இரண்டே தடவையில் பிடித்துவிட்டார். 17-ஐயும் பிடித்தார். நான் பியானோவில் 29-ஐ வைத்ததும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சமம் எங்கேங்க?" என்று கேட்டார். தாளச் சுற்று தொடங்கும் இடத்தைத்தான் சமம் என்கிறார். சமம் இல்லை என்றேன். கையை மேசையில் வைத்துவிட்டு வெறுமனே கேட்க ஆரம்பித்தார். என் முழுப் பதிலும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. உங்கள் உலகத்தில் கோர்வை (முடிப்புக்காகக் கட்டும் சொற்கட்டு) எவ்வளவு சிக்கலாக இருந்தாலும், கடைசியில் சமத்திலோ, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பிலோ வந்து விழத்தான் கணக்கு. வந்து விழும்போது சபை தலையாட்டுகிறது. மெஸ்ஸியான் அதே தாளங்களை எடுத்து, வந்து சேராமல் இருப்பதற்குக் கணக்குப் போட்டார். முடிவில்லாத ஒன்றின் சிறு துண்டை மட்டும் நமக்குக் கேட்க விடுகிறார். தமிழ் வேதாகமத்தில் வெளிப்படுத்தின விசேஷம் பத்தாம் அதிகாரத்தில் தூதன் ஆணையிட்டுச் சொல்லும் "இனி காலம் செல்லாது" என்ற வாக்கியம்தான் இந்த இசையின் தலைப்புக்கே மூலம். காலம் செல்லாது என்றால் சமம் ஏது?

கையில் போடும் தாளத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டார். தட்டு, வீச்சு, விரல் எண்ணிக்கை, அதைச் சபையே சேர்ந்து போடுவது, இவையெல்லாம் இல்லாமல் தாளம் தாளமா என்று உங்கள் ஆசிரியர் கேட்கலாம். நல்ல கேள்வி. மெஸ்ஸியான் நம்மிடமிருந்து திருடினார் என்பதை நான் ஏற்கவில்லை, ஏனென்றால் தாளங்களின் பெயர்களையும் சார்ங்கதேவர் பெயரையும் தன் நூல்களில் வெளிப்படையாக, மரியாதையோடு எழுதினார். அவர் நம் இசையில் கரை கண்டவர் என்பதையும் ஏற்கவில்லை. அச்சிட்ட ஒரு பட்டியல் ஒரு மனிதரின் காதில் முளைத்து வேறொரு மரமாக வளர்ந்தது. தன்னை "இசையமைப்பாளர், லயக்காரர்" என்றே அறிமுகப்படுத்திக்கொண்ட மேற்கத்தியக் கலைஞர் வேறு யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

உங்களுக்குப் பிடிக்கக்கூடிய இன்னொன்று. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக இருக்கும் தாள வடிவங்கள்மேல் அவருக்குத் தீராத மோகம். நால்வர் இசையின் ஆறாவது பகுதியில் நான்கு வாத்தியங்களும் ஒரே சுரவரிசையைச் சேர்ந்து வாசிக்கும். அதில் 3, 5, 8, 5, 3 என்றும், 4, 3, 7, 3, 4 என்றும் கால அளவுகள் வருகின்றன. முதலாவதைச் சொல்லிப் பாருங்கள்: தகிட, தகதகிட, தகதிமிதகஜுணு, தகதகிட, தகிட. நடுவில் பருத்து இரு முனையும் சிறுத்த மிருதங்க யதிதானே இது! அவர் யதி என்ற பெயரில் இதைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். நாம் எண்ணுக்குள் சொற்களை நிரப்புகிறோம். அவருக்கு ஒவ்வொரு எண்ணும் நீட்டிப் பிடித்த ஒரே சுரம். உள்ளே எண்ணுவது வாசிப்பவரின் பாடு.

போருக்குப் பிந்தைய வாழ்க்கையை வேகமாகச் சொல்கிறேன். 1941-லேயே கன்சர்வதுவாரில் ஆசிரியராகச் சேர்ந்து 1978 வரை இருந்தார். பூலேஸ், ஸ்டாக்ஹவுசன், ஸெனாகிஸ் என்று அடுத்த தலைமுறையின் பெரிய பெயர்கள் பலர் அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். ஸெனாகிஸ் முப்பதை நெருங்கும் வயதில் அடிப்படையிலிருந்து இலக்கணம் படிக்கட்டுமா என்று வந்தபோது, வேண்டாம், நீ கிரேக்கன், கட்டடக்கலை தெரியும், கணிதம் தெரியும், அவற்றையே இசையாக்கு என்று சொல்லி அனுப்பினார். தன்னைப் போல எழுதாத மாணவர்களை உருவாக்கியவர். ஓர் ஆசிரியனாக இதை எண்ணி நான் பலமுறை தலைவணங்கியிருக்கிறேன்.

வீட்டில் துயரம் இருந்தது. முதல் மனைவி கிளேர் தெல்போஸ் வயலின் கலைஞர். போருக்குப் பின் ஓர் அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து நினைவை இழக்கத் தொடங்கி, காப்பகத்திலேயே இருந்து 1959-ல் இறந்தார். மகன் பாஸ்காலை மெஸ்ஸியான் வளர்த்தார். மாணவியாக வந்த பியானோ மேதை ஈவோன் லோரியோ அவர் பியானோ இசைக்கெல்லாம் கைகொடுத்தார். 1961-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

இந்தக் காலத்துப் படைப்புகளில் இரண்டு உங்கள் கேள்வியோடு நேரடியாகச் சேர்ந்தவை. ஒன்று, "துரங்கலீலா" சிம்பொனி. பத்துப் பகுதிகள், ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். 1949 டிசம்பர் 2 அன்று பாஸ்டனில் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் நடத்தி அரங்கேறியது. துரங்கம் என்றால் குதிரை, லீலை என்றால் விளையாட்டு, நமக்குச் சொல்லத் தேவையில்லை. குதிரைபோல ஓடும் காலம், அதன்மேல் படைப்பின் விளையாட்டு, காதலின் விளையாட்டு என்று அவர் பொருள் சொன்னார். சார்ங்கதேவரின் பட்டியலில் இதே பெயரில் ஒரு தாளமும் உண்டு. இன்னொன்று, 1956-ல் அரங்கேறிய "அயல்நாட்டுப் பறவைகள்". பியானோ, காற்று வாத்தியங்கள், தாள வாத்தியங்கள் மட்டும். தாள வாத்தியங்களில் கிரேக்கத் தாளங்களும் தேசி தாளங்களும் ஓட, மற்றவை பறவைகளாகப் பாடும். தொடக்கத்தில் குரல் கொடுப்பது நம் மலை மைனா.

பறவை என்றதும் அழகான கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். பென்சிலும் சுரத்தாளும் எடுத்துக்கொண்டு விடியுமுன் காட்டோரம் போய், கேட்டதைக் கேட்ட வேகத்தில் குறித்துக்கொண்டவர். மனித வாத்தியங்களால் அந்த வேகமும் உச்சமும் முடியாது என்பதால், வேகத்தைக் குறைத்து, சுருதியைக் கீழிறக்கி, சுர இடைவெளிகளை விரித்து எழுதினார். பிரான்சின் பறவைகளை மட்டும் வைத்து 13 பியானோ இசைகள் கொண்ட தொகுப்பு ஒன்றை 1958-ல் முடித்தார். ஒவ்வொன்றிலும் பறவையோடு அதன் ஊர், பாறை, தண்ணீர், நேரம் எல்லாம் இருக்கும். நாதக்கோவைகளைக் கேட்கும்போது வண்ணங்கள் தெரிகின்றன என்றும் சொல்வார். அதை அவர் உருவகமாகச் சொல்லவில்லை. "நீலமும் ஊதாவும்" என்று சுரத்தாளிலேயே எழுதிவைத்திருக்கிறார். எனக்கு அப்படித் தெரிவதில்லை, அதனால் அந்தப் பக்கம் பற்றி மேலே பேச எனக்குத் தகுதியில்லை.

எட்டு வருடம் உழைத்து எழுதிய ஒரே ஆபெரா, பறவைகளோடு பேசிய அசிசியின் புனித பிரான்சிஸ் பற்றியது. 1983 நவம்பரில் பாரிசில் செய்ஜி ஒசாவா நடத்தினார், ஏறக்குறைய நான்கு மணி நேரம். 1992 ஏப்ரலில் மெஸ்ஸியான் இறந்தார். அவர் முடித்துவைத்த கடைசிப் பெரும் படைப்பை, அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் நம் மும்பையில் பிறந்த சுபின் மேத்தா அரங்கேற்றினார்.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது? நால்வர் இசையின் முதல் பகுதியிலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் கை சமத்தைத் தேடும், எரிச்சல் வரும். முதலில் ஆறாவது பகுதி, ஆசிரியரையும் பக்கத்தில் உட்காரவைத்து. அதில் சுருதிகள் விசித்திரமாகத் தோன்றினாலும் நான்கு பேரும் ஒரே வரியில் போவதால் லயம் காதில் பளிச்சென்று விழும். அப்புறம் ஐந்தாவது, செல்லோவும் பியானோவும் மட்டும். அதற்குக் கணக்கு எதுவும் தேவையில்லை. பியானோ ஒரே மாதிரி நாதக்கோவைகளை மெல்லத் தட்டிக்கொண்டே இருக்க, செல்லோ இழுத்துக்கொண்டே போகும். அதன்பின் கிளாரினெட் தனியிசை, நான் சொன்ன அந்த ஒற்றைச் சுரத்துக்காக. இதெல்லாம் ஆன பிறகு ஒரு விடிகாலையில் முதல் பகுதியைப் போடுங்கள். கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.